கட்டையை எண்ணாதே, தூரத்தை எண்ணு: எண்கோட்டில் கூட்டலும் கழித்தலும்

திருகோணமலையில், நிலாவெளி வீதியில் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் "மூன்றாம் கட்டை", "பத்தாம் கட்டை" என்றுதான் பதில் வரும். வீதியோரத்தில் கிலோமீற்றர் கற்கள் வந்து எவ்வளவோ காலம். பேச்சில் மட்டும் பழைய மைல் கட்டை போகவில்லை. சரி, ஒரு கேள்வி. ஐந்தாம் கட்டையிலிருந்து எட்டாம் கட்டைக்கு நடப்பவர் எத்தனை மைல் நடப்பார்? மூன்று மைல். வழியில் கண்ட கட்டைகளை எண்ணினால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நான்கு வரும். எண்கோட்டில் பிள்ளைகள் விடுகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டைப் பிழைதான்.

இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மகள் தரம் 1 இல் சேர்ந்தபோது, கடையில் வாங்கிய எண்கோட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி, பென்சில் முனையால் துள்ளித் துள்ளிக் காட்டினேன். 3 சக 4 (3 + 4) எத்தனை என்றால் 6 என்பாள். 5 சக 2 என்றால் 6. கவனமில்லை என்று பேசினேன். கவனமாகத்தான் எண்ணியிருக்கிறாள், பாவம். நிற்கிற கட்டையையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். அதற்குப் பிறகு பின்னேரங்களில் எங்கள் விறாந்தைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேறு ஒழுங்கில் தொடங்கினேன். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோடு கீறுவதற்கு முன்

பிள்ளைக்கு 20 வரை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. "ஏழுக்கு அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். உடனே "எட்டு" என்றால் நல்லது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலிலிருந்து ஓடிவந்து எட்டைப் பிடித்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். 10 இலிருந்து பின்னோக்கி எண்ணுவதும் அப்படியே. முன்னோக்கி எண்ணுவது தண்ணீராக ஓடும். பின்னோக்கி வரும்போது 7 இலோ 6 இலோ தடக்கும். கழித்தலில் அழுகிற பிள்ளைகளில் பலர் உண்மையில் தடுமாறுவது பின்னோக்கி எண்ணுவதில்தான். மாடிப்படி இறங்கும்போது, தோசை வார்த்து முடியும்வரை, குளித்துத் தலை துடைக்கும்போது என்று எங்கேயாவது "பத்து, ஒன்பது, எட்டு" சொல்ல வையுங்கள். இதற்கென்று தனியாக உட்கார வேண்டியதில்லை.

முதலில் பெட்டி, பிறகு கோடு

ஐந்து, ஆறு வயதில் நேரே எண்கோட்டுக்குப் போகாதீர்கள். கோட்டில் 4 என்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு அர்த்தம் பூச்சியத்திலிருந்து வந்த நான்கு இடைவெளி. சின்னப் பிள்ளைக்கு இடைவெளி கண்ணில் படாது, புள்ளிதான் படும். பெட்டி அப்படியில்லை. ஒரு பெட்டி, ஒரு சிப்பி, எண் ஒன்று. கையால் தொட்டு எண்ணலாம்.

ஒரு மட்டையில் நேர்வரிசையாகப் பத்துப் பெட்டி கீறி 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஆளுக்கொரு சோகி. நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒரு பெட்டி, தலை விழுந்தால் இரண்டு பெட்டி. முதலில் 10 க்குப் போகிறவர் வென்றார். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் ஒரு சட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. 5 இல் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். எங்கே போய் இறங்குகிறோமோ அந்த எண்ணைத்தான் வாய் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாளும் மறந்து போவார்கள். பிறகு ஒருவரையொருவர் பிழை பிடிப்பார்கள், நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் சீக்லர், ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் வறிய குடும்பத்துப் பாலர் பிள்ளைகளை இப்படி 1 முதல் 10 வரை எண் இட்ட நேர்ப்பலகையில் விளையாட வைத்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம் அளவு விளையாடிய பிள்ளைகள் எண்ணறிவில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எண் இல்லாமல் நிறம் மட்டும் பூசிய பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. வட்டப் பலகையை விட நேர்ப்பலகை கூடுதல் பலன் தருகிறது என்பதையும் அடுத்த ஆண்டு காட்டினார்கள். பாம்பும் ஏணியும் பலகையை நான் இந்த இடத்தில் எடுப்பதில்லை. அதில் ஒரு வரிசை வலப்பக்கம் போனால் அடுத்த வரிசை இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் போனால் எண் கூடும் என்பதைப் பிள்ளை பிடிக்கிற நேரத்தில் அது குழப்பும்.

நிலத்தில் கோடு

இனிக் கோடு. விறாந்தையில் சோக்கால், முற்றத்தில் தடியால், எதுவானாலும் சரி. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் ஓர் அடி, அதாவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், விட்டால் பிள்ளையின் ஒரு காலடிக்குப் பொருந்தும். 0 முதல் 10 வரை கீற மூன்று மீற்றர் நீளம் போதும். பள்ளிக்கூட அடிமட்டமே 30 சென்ரிமீற்றர்தான்; அதை வைத்து வைத்துக் கீறுங்கள். இடைவெளிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். கண்மதிப்பில் கீறினால் கடைசியில் 8, 9, 10 மூன்றும் நெருங்கி நிற்கும். பிறகு எட்டிலிருந்து பத்துக்கு உள்ள தூரம் பூச்சியத்திலிருந்து இரண்டுக்கு உள்ள தூரத்துக்குச் சமன் என்று எப்படி நம்பவைப்பது?

பூச்சியத்தைத் தவறாமல் போடுங்கள். பெட்டியில் 1 இலிருந்து தொடங்கினோம், கோட்டில் 0 இலிருந்து தொடங்குகிறோம். ஏன் என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். வேலி அடைப்பதைச் சொல்லுங்கள். பதினொரு கதியால் நட்டால் நடுவில் பத்து இடைவெளி. முதல் கதியால் நிற்கிற இடத்தில் இன்னும் வேலி தொடங்கவில்லை, அதுதான் பூச்சியம்.

கூட்டல் இப்படி. 3 சக 4. பிள்ளை பெரிய எண்கள் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு 3 இல் நிற்கட்டும். "எங்க நிக்கிறீங்க?" "மூன்றில." "எத்தனை துள்ளல்?" "நாலு." இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் கால் அசைய வேண்டும். துள்ளும்போது பிள்ளை இறங்கிய எண்ணைச் சொல்லும்: "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு." நீங்கள் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். நாலு விரல் மடங்கியதும் நிறுத்துங்கள். ஏழு. ஒரு வாரம் போனதும் விரல் மடக்கும் வேலையும் பிள்ளைக்கு. வாய் ஒரு கணக்கு, கை ஒரு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நடத்தப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நிற்கிற இடத்தில் துள்ளல் இல்லை. இந்த வசனத்தை எங்கள் விறாந்தையில் பாட்டுப்போலச் சொல்வோம். சில பிள்ளைகள் நின்ற இடத்திலேயே ஒரு தரம் குதித்து "மூன்று" என்று தொடங்கும். பேசாதீர்கள். அந்த இடத்தில் ஒரு செருப்பை வைத்து, "செருப்பு வீட்டில இருக்குது, நீங்க வெளிக்கிடுங்க" என்று சொன்னால் போதும். கொப்பியில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கூட்டல் விடைகள் எல்லாம் ஒன்று குறைவாகவும், கழித்தல் விடைகள் எல்லாம் ஒன்று கூடுதலாகவும் இருந்தால் அது வேறொன்றுமில்லை, கட்டையை எண்ணுகிற பழக்கம்தான். 3 சக 4 க்கு 6 என்ற பிள்ளை 8 இல் 3 போக 6 என்றுதான் சொல்லும்.

2 சக 7 என்று ஒரு கணக்கை வேண்டுமென்றே கொடுங்கள். 2 இல் நின்று ஏழு தரம் துள்ளிக் களைத்துப் போவார்கள். அடுத்ததாக 7 சக 2. இரண்டு துள்ளலில் அதே 9. பெரிய எண்ணில் தொடங்கலாம் என்று நீங்கள் சொல்லித் தராதீர்கள். மூன்றாவது கணக்கில் யாராவது ஒருவர் தானாகப் போய் பெரிய எண்ணில் நிற்பார், மற்றவர்கள் "அது கள்ளம்" என்று கத்துவார்கள். அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள்.

பின்னால் வருதல்

கழித்தலுக்குப் பிள்ளை திரும்பி நின்று நடக்க வேண்டுமா, முகம் திருப்பாமல் பின்னால் வர வேண்டுமா? இரண்டையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் தேர்வு, முகம் எப்போதும் பெரிய எண்களின் பக்கம், கால் மட்டும் பின்னால். ஒரு காரணம் நாளைக்கு மறை எண்கள் (பூச்சியத்துக்குக் கீழே உள்ளவை) வரும்போது பார்க்கிற திசைக்கு வேறு வேலை இருக்கும். இன்னொரு காரணம் பின்னோக்கி எண்ணுவதும் பின்னால் வருவதும் உடம்புக்கு ஒன்றாகப் பதிகிறது. பின்னால் துள்ள விடாதீர்கள், சீமெந்துத் தரையில் மண்டை அடிபடும். ஒவ்வொரு காலடியாக வரட்டும்.

கோட்டையடியில் எட்டு மான் நின்றன, மூன்று மதில் பக்கம் போய்விட்டன, மிச்சம் எத்தனை? 8 இல் நின்று, "ஏழு, ஆறு, அஞ்சு." இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் நடத்திக் கணக்கு விளக்குவது பழைய முறை. 1685 இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ், ஐந்து யார் முன்னால் போய் இரண்டு யார் பின்வாங்கிய ஒரு மனிதனை வைத்து இதை விளக்கினார். ஐந்து யார் போனவன் எட்டு யார் பின்வாங்கினால் எங்கே நிற்பான் என்றும் அவரே கேட்டார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கழித்தலில் ஒரு பாதிதான் "போக". மற்றப் பாதி "வித்தியாசம்". இதைச் சொல்லிக் கொடுக்காமல் விடுவதுதான் நான் அதிகம் காணும் குறை. அண்ணாவுக்கு 9 வயது, தங்கச்சிக்கு 7 வயது, அண்ணா எத்தனை வயது மூப்பு? இங்கே யாரும் எங்கேயும் போகவில்லை, எதுவும் குறையவில்லை. ஒரு பிள்ளையை 9 இலும் இன்னொரு பிள்ளையை 7 இலும் நிறுத்துங்கள். இடையில் எத்தனை காலடி? இரண்டு. ஏழு தரம் பின்னால் வந்து 2 இல் நிற்பதும் அதே விடைதான், ஆனால் எவ்வளவு நடை! இரண்டு எண்ணும் கிட்டக் கிட்ட இருந்தால் இடைவெளியைப் பார். கழிக்கிற எண் சின்னதாக இருந்தால் பின்னால் வா. பெரியவர்கள் யோசிக்காமல் செய்கிற இந்தத் தெரிவைப் பிள்ளைக்குக் கோடுதான் கண்ணால் காட்டுகிறது.

4 சக எத்தனை 9 என்கிற வெற்றிடக் கணக்கும் இதே இடைவெளிதான். 4 இல் ஒருவர், 9 இல் ஒருவர். வேறு விளக்கம் தேவையில்லை.

கொப்பிக்கு வரும்போது

உடம்பில் ஏறிய பிறகு கொப்பி. துள்ளல்களை வளைந்த அம்புக்குறியாகக் கீறச் சொல்லுங்கள். கூட்டல் கோட்டுக்கு மேலே, கழித்தல் கோட்டுக்குக் கீழே. சதுரக்கோட்டுக் கொப்பியில் எண்ணைச் சதுரத்துக்குள் எழுதினால் மறுபடி பெட்டியாகிவிடும். சதுரங்களைப் பிரிக்கிற கோட்டின் அடியில் எழுத வேண்டும். அடிமட்டம் நல்ல ஆயத்த எண்கோடு. ஆனால் பல அடிமட்டங்களில் பூச்சியம் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும், அதை முதலில் காட்டிவிடுங்கள்.

20 வரை போனதும் ஒவ்வொன்றாகத் துள்ளுவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தரம் 4 வரைக்கும் விரல் மடக்கிக்கொண்டே போகும். 8 சக 5 என்றால், பத்து ஒரு தரிப்பிடம், எந்த பஸ்ஸும் அதில் நிற்க வேண்டும் என்று சொல்லுவேன். எட்டிலிருந்து தரிப்பிடத்துக்கு 2. ஐந்தில் இரண்டு போய்விட்டது, மிச்சம் 3. பதின்மூன்று. 13 இல் 6 போக: தரிப்பிடத்துக்கு 3, மிச்சம் 3, ஏழு. இதற்குப் பத்தின் சோடிகள் (9 உம் 1 உம், 8 உம் 2 உம், 7 உம் 3 உம்) மனப்பாடமாக இருக்க வேண்டும். எண்கோட்டு முறையில் மனப்பாடமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டை இல்லாத கோடு

இரண்டு இலக்க எண்களுக்கு 0 முதல் 100 வரை கீறி மினக்கெட வேண்டியதில்லை. வெறும் கோடு ஒன்று, அதில் தேவையான எண்களை மட்டும் குறிப்பது. இந்த வெற்று எண்கோடு ஒல்லாந்து நாட்டின் ஆரம்பப் பள்ளிகளில் வளர்ந்த முறை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருப்பிக் கட்டிய கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிற எங்களுக்கு அவர்கள் கோடும் கொஞ்சம் உதவட்டுமே.

47 சக 26. கோட்டில் 47 ஐக் குறியுங்கள். ஒரு பெரிய துள்ளல் 20, வந்தது 67. சின்னத் துள்ளல் 3, தரிப்பிடம் 70. மிச்சம் 3, எழுபத்து மூன்று. அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை, பெரிய துள்ளல் பெரிதாகத் தெரிந்தால் போதும்.

63 இல் 28 போக என்றால் 45 என்று எழுதிய பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்போம். "மூன்றில எட்டுப் போகாது" என்று நாங்கள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, போகக்கூடிய பக்கமாக எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5 போட்டிருக்கும். கோட்டில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. 63, இருபது பின்னால் 43, மூன்று பின்னால் 40, ஐந்து பின்னால் 35.

இடைவெளி பார்க்கிற வழிக்கு மரக்கறிக் கடையை விட நல்ல வகுப்பறை கிடையாது. 640 ரூபாவுக்குச் சாமான் வாங்கி ஆயிரம் ரூபாத் தாளை நீட்டுங்கள். கடைக்காரர் கடன் வாங்கிக் கழிக்க மாட்டார். பத்து ரூபாக் குற்றியை வைத்து "அறுநூற்றைம்பது", ஐம்பது ரூபாத் தாளை வைத்து "எழுநூறு", மூன்று நூறு ரூபாத் தாளை வைத்து "ஆயிரம்". கையில் வந்தது 360. அவர் மேசையில் போட்டது எண்கோடுதான். வீட்டுக்கு வந்து அதைக் கொப்பியில் கீறச் சொல்லுங்கள். 1000 இல் 640 போக என்று மேலும் கீழுமாக எழுதிப் பூச்சியத்திடம் கடன் கேட்டு நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு வழி திறக்கும்.

பூச்சியத்துக்குக் கீழே

வாலிஸின் மனிதனை விட்டுவிட்டு வந்தோமே. ஐந்து போய் எட்டுப் பின்வாங்கினால் பூச்சியத்துக்கும் பின்னால் மூன்றில் நிற்பான். தரம் 2 பிள்ளைக்கு இதைக் கணக்காகக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளை தானாகக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கோட்டை நிமிர்த்தி வையுங்கள். கடல்மட்டம் பூச்சியம். பறவை மேலே ஐந்தில், நங்கூரம் கீழே மூன்று பாகத்தில். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்பது கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். சய மூன்று (−3) என்ற பெயரை அப்புறம் பள்ளிக்கூடம் கொடுக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை இன்னும் ஒன்று கேட்கிற நேரத்தில் நிறுத்துவது நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் விறாந்தையில் வெக்கை தாங்காது, ஆனால் உப்புவெளிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், அங்கே ஈர மணலில் தடியால் கீறலாம். மாரியில் கடல் பொல்லாதது, வீட்டோடு இருங்கள்.

கோட்டை எப்போது விடுவது என்று சிலர் கேட்கிறார்கள். அதையும் கடற்கரையில்தான் பார்த்தேன். தண்ணீர்ப் பக்கம் 0, கரைப் பக்கம் 10 என்று கீறியிருந்தோம். மகள் 6 இல் நின்றாள். "அஞ்சு பின்னால வாங்க" என்று நான் சொன்ன நேரம் அலை ஒன்று வந்து 0 முதல் 3 வரைக்கும் வழித்துக்கொண்டு போய்விட்டது. "அம்மா, கோடு இல்லை" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அஞ்சு, நாலு, மூன்று, இரண்டு என்று பின்னால் வந்து, கணுக்கால் நனைய நின்று, "ஒன்று" என்றாள்.